நசுங்காத எலுமிச்சை

இங்கே ஜெர்மனியில், பக்கத்து வீட்டு மார்த்தாவுக்கு வந்த பார்சலை வாங்கி வைத்தால் போதும், என்னைக் கட்டிப்பிடித்துவிடுவாள். இருபத்தைந்து வருடமாகியும் அப்போது என் கைகளை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. என்னை வேலையை விட்டு நிறுத்திய மேலாளரும் கட்டிப்பிடித்துத்தான் அனுப்பினார். அதிலிருந்து இந்த ஊர் அணைப்பின்மேல் எனக்கு மரியாதை இல்லை.

சங்ககிரியில் என் அப்பா லாரி ஓட்டினார். ஊரிலிருக்கும் உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், எங்கள் ஆட்கள் மனம் நிறைந்தால் வாயைத் திறக்க மாட்டார்கள். கண்பட்டுவிடும் என்று எலுமிச்சையைத் தேடுவார்கள். நான் வெளிநாடு கிளம்பிய அன்று அப்பா வாடகைக் காரின் நான்கு டயரையும் தட்டிப் பார்த்தார். என் தோளைத் தட்டவில்லை. முன்சக்கரங்களுக்கு அடியில் ஒவ்வொரு பழம் வைத்தார். "போய்ட்டு வாரேனுங்கப்பா" என்றேன். சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, "ஏறு சாமி" என்றார். கல்நெஞ்சக்காரர் என்று வழியெல்லாம் பொருமினேன். பழம் நசுங்கியதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் இறந்தபோதும் என்னால் போக முடியவில்லை.

போன மாதம் என் மகள் கயல், வேலை கிடைத்து, தானே வாங்கிய காரில் வேறு நகரத்துக்குக் கிளம்பினாள். இங்கேயே பிறந்தவள். எனக்கு இதில் சந்தோஷம்தானா என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். பாழாய்ப்போன வாய்தான் திறக்கவில்லை. துருக்கிக் கடையில் நல்ல பழமாக இரண்டு பொறுக்கி வந்து, அவள் காரில் ஏறியதும் முன்சக்கரங்களுக்கு அடியில் வைத்தேன்.

வழியனுப்ப வந்த மார்த்தா பதறிக் குனிந்து இரண்டையும் எடுத்தாள். கீழே விழுந்துவிட்டன என்று சொல்லி, சிரித்தபடி என் கைக்கு ஒன்றாகத் திணித்தாள். பழக்கதோஷம், "டாங்கே" என்று நன்றி சொல்லித் தொலைத்தேன். அவளோ ஜன்னலுக்குள் தலையை விட்டுக் கயலுக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். என் பிள்ளையின் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

"அப்பா, நீங்க ஒண்ணுமே சொல்லலையே?" என்றாள் கயல்.

"டயர்ல காத்தெல்லாஞ் சரியா இருக்குது சாமி. போய்ட்டு வா."

அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். கார் வெறும் தரையில் உருண்டு போனது. வழியெல்லாம் என்னை நினைத்துப் பொருமியிருப்பாள். இரண்டு கையிலும் பழம் இருந்ததால் என்னால் கையசைக்கவும் முடியவில்லை.