மாமாவின் இரண்டு டப்பாக்கள்

அம்மாவின் தம்பி எங்கள் அம்பத்தூர் வீட்டில் தங்கித்தான் ஆராய்ச்சிப் படிப்புப் படித்தார். பீங்கான் மாவை அழுத்தி, கல்லூரி உலையில் சுட்டு, பச்சைப்பயறு அளவில் வில்லைகள் செய்வார். கம்பி இணைத்தால் அது சூடு எவ்வளவு என்று சொல்லுமாம். நல்லவை ஒரு டப்பாவில், உள்ளே கீறல் விட்டவை இன்னொரு டப்பாவில். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கும். மூடியில் எழுதி ஒட்டியதை வைத்துத்தான் அடையாளம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எழுத்து ஏறவில்லை. பாடத்தைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்து, புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒப்பிப்பேன். நான் படிக்கிறேன் என்று தெருவே நம்பியது. அந்தப் பெருமையை விட்டுவிட எனக்கு மனசில்லை.

பெரிய வாத்தியார்கள் முன்னால் வில்லைகளைச் சூடேற்றிக் காட்டவேண்டிய நாள் வந்தது. தேறினால் பட்டம், அதே கல்லூரியில் வேலை. மூன்று வருஷ உழைப்பு. முகமெல்லாம் சவரச் சோப்போடு மாமா கூப்பிட்டார்.

"பாப்பா, ரயிலுக்கு நேரமாச்சு. 'நல்லது'ன்னு எழுதிகீற டப்பாவ எடுத்துப் பையில வை. படிப்பேல்ல?"

"ஓ, படிப்பேனே!"

இரண்டையும் பார்த்தேன். எந்த எழுத்து அழகாக இருந்ததோ அந்த டப்பாவை வைத்தேன்.

சாயங்காலம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா தம்பி, மொகம் இப்டி கீது?" என்றாள் அம்மா.

"டப்பா மாறிப்போச்சுக்கா. எல்லார் எதிர்லயும் ஒண்ணொண்ணா வெடிச்சுது. இன்னும் ஒரு வருஷம் செய்யச் சொல்ட்டாங்க. அந்த வேலையும் வேற ஆளுக்குப் பூடும்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் முந்திக்கொண்டேன். "நான் படிச்சுப் பாத்துதான் வெச்சேன். மாமாதான் தப்பா ஒட்டிகீறாரு."

மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமாக்கா, நான்தான் மாத்தி ஒட்டிட்டேன்."

"இம்மாம் படிச்சு இன்னாடா பிரயோசனம்? இந்தப் பொண்ணுக்குக் கீற புத்தி உனக்கு இல்லியே!"

அம்மா தலையிலடித்துக்கொண்டாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. மாமா பேராசிரியரானார்தான், வெகு தாமதமாக, எங்கோ தூர ஊரில். அவரிடம் கடைசிவரை உண்மையைச் சொல்ல நான் வாய் திறக்கவில்லை. இதையாவது யாரையும் எழுதித் தரச் சொல்லாமல் நானே எழுத்துக் கூட்டி எழுதுகிறேன்.

அது நடந்த அடுத்த வாரமே மாமா நல்ல டப்பாவின் மூடியில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்திருந்தார்.

"இன்னா மாமா, எழுத்து தெரியாதவங்களுக்கா பொட்டு?" என்று கிண்டல் செய்தேன்.

"எனக்குத்தான் பாப்பா" என்றார்.

அவருக்குத்தான் என்று அப்போது நானும் நம்பினேன்.