நாச்சிமுத்து மேஸ்திரி அடித்த அடி

நாச்சிமுத்து மேஸ்திரி இறந்த சேதியை எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. காலையில் டீக்கடைக்குப் போனபோது முக்கில் கறுப்புக் கரை போட்ட பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். எழுத்து எனக்குத் தெரியாது, முகம் தெரியும். என்ன போட்டிருக்கிறது என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன்.

"'கைராசி மேஸ்திரிக்குக் கண்ணீர் அஞ்சலி'ன்னு போட்டிருக்குதுங்க. ஏனுங்க ரங்கண்ணா, டீ ஆறுதே?"

ஆறட்டும் என்று விட்டுவிட்டேன். கைராசி என்ற சொல்லை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

மூன்றாம் நாள் அதே முக்கில் அனுசோசனக் கூட்டம், இரங்கல் சொல்ல. எல்லாக் கட்சிக்காரர்களும் மைக் பிடித்தார்கள். "அவர் கையில் ஒரு வேலையும் கெட்டதில்லை" என்றார் ஒருவர். என் மடியில் ஓர் இரும்புத் துண்டு இருந்தது. என்னிடமும் மைக்கை நீட்டினார்கள். நான் வாங்கவில்லை. பேச்சு காற்றோடு போய்விடும். ஆனால் அவரோடு வேலை செய்தவர்கள் நினைவு மலருக்கு ஆளுக்கொரு பக்கம் தர வேண்டும் என்று பட்டறைக்காரர்கள் கேட்டதும் சரி என்றேன். நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள்.

அவரை அறிந்தவர்களே, முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, நுனியை என்ஜினில் ஊன்றி, எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லிவிடுவார். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது தினமும் விடியற்காலையில் சைக்கிளில் கீழாநெல்லி கொண்டுவந்து கொடுத்தார். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். எழுதப் படிக்கத் தெரிந்ததால் அவர் மேஸ்திரி, நான் அவருக்குக் கீழே. அதில் எனக்கு வருத்தமில்லை. "இரும்புக்கு எரக்கம் பாத்தா, இரும்பு நமக்கு எரக்கம் பாக்காதுடா" என்பார். அந்தச் சொல்லில்தான் வினை இருந்தது.

தென்னந்தோப்பு முதலாளி ஒருவரின் டீசல் அம்பாசடர் பட்டறைக்கு வந்தது. முன்பக்கம் ஆயில் கசிவு. உள்ளே ஆயிலைத் தடுக்கும் 'சீல்' வளையத்தை மாற்ற வேண்டுமென்றால் கிராங்க் புல்லியைக் கழற்ற வேண்டும். கிராங்க் நுனியில் இருக்கும் சக்கரம் அது. ஃபேன் பெல்ட் அதில்தான் ஓடும். நட் வந்துவிட்டது. புல்லி வரவில்லை, துருப்பிடித்துக் கிராங்கோடு ஒட்டிக் கிடந்தது. அது வார்ப்பிரும்பு. அடித்தால் வளையாது, உடையும். புல்லர் என்கிற இழுப்புக் கருவியை மாட்டித்தான் இழுக்க வேண்டும். எங்கள் புல்லர் கஞ்சிக்கோட்டில் ஒரு பட்டறைக்கு இரவல் போயிருந்தது.

"மத்தியான பஸ்ஸுல வந்துருமுங்க. செத்த பொறுங்க மேஸ்திரி" என்றேன்.

"புல்லரும் வேண்டாம், கில்லரும் வேண்டாம். மொதலாளி ஊட்டுல கண்ணாலம். பொழுது சாயறதுக்குள்ள வண்டி போய் நிக்கோணும்."

நாலு ராத்தல் சுத்தியலை எடுத்தார். மூன்றாவது அடியில் விளிம்பிலிருந்து நகம் போல வளைந்த ஒரு துண்டு தெறித்து என் காலடியில் விழுந்தது. புல்லி மயிரிழையும் அசையவில்லை. நான் துண்டைக் குனிந்து எடுத்தேன். அந்நேரம் முதலாளி உள்ளே வந்தார். அதற்குள் மேஸ்திரி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டிருந்தார். துண்டு என் கையில் இருந்தது.

"ரங்கன் அவசரப்பட்டுப் போட்டானுங்க" என்றார் மேஸ்திரி.

நான் வாயைத் திறப்பதற்குள் என் தோளை அழுத்தினார். "சும்மா இருடா. பொறகு நான் பாத்துக்கறேன்." சாயங்காலம் ஒரு காகிதத்தை நீட்டினார். "புதுப் புல்லிக்கு எழுதிப் போடறோம். வேலை செஞ்சவன் கைநாட்டு வேணுமாம்." வைத்தேன்.

மறுநாள் முதலாளியின் காரியஸ்தர் பட்டறை வாசலில் நின்று, எல்லோரும் கேட்க அதை வாசித்தார். மேஸ்திரி தடுத்தும் கேளாமல் ரங்கனாகிய நானே புல்லியை அடித்து உடைத்தேன் என்று அதில் இருந்தது. நான் கத்தினேன். காரியஸ்தர் காகிதத்தை என் முகத்துக்கு நேரே பிடித்து, "இது உன் பெருவிரல்தானே?" என்றார். என் பெருவிரல்தான். மேஸ்திரி ஒரு டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து நான் புல்லி உடைத்த ரங்கன். என் கையை நம்பி ஒருவரும் வண்டி விடவில்லை. மலையேறினேன். வட்டவடையில் காரட் மூட்டை ஏற்றும் ஜீப்புகளுக்கு அடியில் இருபது வருஷம் மல்லாந்து கிடந்தேன். அந்தக் குளிரில் எந்த நட்டும் சொன்னபடி கேட்காது. கேட்க வைக்கக் கற்றுக்கொண்டேன். துண்டை மட்டும் விடவில்லை. ஆயுத பூஜையன்று ஸ்பேனர்களோடு அதையும் வைத்துச் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பேன். "இந்த ஒடசலுக்கு எதுக்குப் பொட்டு?" என்பாள் பெண்டாட்டி. "எல்லாத்தையும் விட இதுதான் கூர்" என்பேன்.

மலையிறங்கி இங்கே சின்னதாக ஒரு ஷெட் போட்டேன். அதற்குள் அந்த அம்பாசடரை மேஸ்திரியே வாங்கியிருந்தார். விளிம்பு போன புல்லி பெல்ட் பெல்ட்டாகத் தின்றது, ஆயில் ஒழுகியது. அவர் அடித்த அடியில் புல்லி இன்னும் இறுகிப் போயிருந்தது. யாராலும் கழற்ற முடியாமல், ஒருநாள் என் ஷெட்டுக்கே ஓட்டிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, சுத்தியல் கொண்டு வல்லீங்களா?"

"பழசக் கெளறாதடா ரங்கா. கழட்டிக் குடு."

இரண்டு நாள் டீசல் ஊற்றி ஊற வைத்தேன். அனல் காட்டினேன். புல்லரை நடுவில் மாட்டி, இறுக்கிவிட்டு, அதன் போல்ட் தலையில் ஒரே ஒரு தட்டு. டப்பென்று விட்டுக்கொடுத்து விரற்கடை முன்னால் வந்தது. பக்கத்து டீக்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"அன்னிக்கு அடிச்சது யாருன்னு இவங்க காதுல உளுகறாப்ல ஒரு வார்த்தை சொல்லுங்க. மீதியக் கழட்டீறலாம்."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். எனக்கு மட்டும் கேட்கும் குரலில், "சொல்லிப் போட்டா எனக்கு அப்பறம் என்னடா மிச்சம்?" என்றார்.

எனக்கு அவர் என்ன மிச்சம் வைத்தார்? புல்லரைக் கழற்றி எடுத்தேன். நட்டைப் போட்டு முறுக்க முறுக்கப் புல்லி பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்தது. "கொண்டு வந்தாப்லயே கொண்டு போங்க" என்றேன். டீக்கடைக்காரர் உட்படப் பலரும் நான் செய்தது தப்பு என்றார்கள். பெண்டாட்டி இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வண்டி நின்ற இடத்திலெல்லாம் ஒரு கறுப்புக் கறை. அதைப் பார்த்த நாளில் எனக்குச் சோறு ஒரு பிடி கூடுதலாக இறங்கும்.

கூட்டத்துக்கு மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். வண்டி கொட்டகையில் நின்றது. குனிந்து துண்டை விளிம்பில் வைத்தேன். இம்மி பிசகாமல் பொருந்தியது. மேஸ்திரியின் சம்சாரம் பின்னால் வந்து நின்றார்.

"அது இந்த வண்டியோடதுங்களா?"

"ஆமாங்க."

"அப்படீன்னா வெச்சுட்டுப் போங்க. அந்தப் புல்லியவும் நீங்களே கழட்டிக் குடுத்துருங்க. அவரு கடைசி வரைக்கும் அதையேதான் சொல்லீட்டுக் கெடந்தாரு."

"வண்டி உங்களுதுங்க. இது என்னுது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் புல்லியை நான் கழற்ற மாட்டேன். அவர் அடித்து இறுக்கியது, அப்படியே இருக்கட்டும்.

மேஸ்திரியின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தத் துண்டு. அதை யாருக்கும் தரமாட்டேன். ஆனால் துண்டு உடைந்த இடத்தைத்தான் காட்டும். அடித்த கையைக் காட்டாது. சொல்ல வேண்டிய வாய் வெந்து போயிற்று. அதனால் நான் எழுத வைக்கிறேன்: அடித்தது நாச்சிமுத்து மேஸ்திரி. மருமகள் இதை இரண்டு தடவை படித்துக் காட்டிவிட்டாள். மலர் அச்சடிக்கிறவர்கள் என் பெயரோடு கீழே இருக்கும் ரேகையையும் சேர்த்துப் போட வேண்டும். காரியஸ்தர் அன்றைக்குக் காட்டிய அதே பெருவிரல்தான்.