பலகையில் ஒரு காலியிடம்

பெயர்ப்பலகை எழுதிப் பிழைக்கிற பெயிண்டருக்குத் தன் பெயரை எங்காவது எழுதிப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு பேராசை. டாக்டர், வக்கீல், மளிகைக்கடைக்காரர் என்று ஊரில் பாதிப்பேரை எழுதித் தள்ளியவர்தான். ஆனால் வரலாற்றுச் சங்கத்துக் கூடத்தில் தொங்கும் அறங்காவலர் பலகை மேல் அவருக்கு எப்போதும் ஒரு கண். கறுப்புப் பலகை, தங்க எழுத்து. அதில் ஒவ்வொரு பெயரும் அவர் கைவண்ணம்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேரும் அறங்காவலர் தன் வீட்டுப் பழம்பொருள் ஒன்றைக் கொடுக்க வேண்டும். பெயிண்டர் அதில் சிவப்பு பெயிண்டால் எண் போடுவார். எண் விழுந்துவிட்டால் அழுது புரண்டாலும் பொருள் திரும்பாது. செத்துப்போன கணவர் சங்கத்துக்குக் கொடுத்திருந்த சுவர்க்கடிகாரத்தைக் கேட்டு ஒரு விதவை வந்து நின்றபோது, தலைவரே மனம் இளகினார். பெயிண்டர் இளகவில்லை. “நம்பர் போட்டாச்சும்மா, போயிட்டு வாங்க” என்று வாசல்வரை கொண்டுபோய் விட்டார். அவருக்கு இருந்த அதிகாரம் அந்த ஒன்றுதான், விடுவாரா மனுஷன்?

ஒருநாள் தலைவர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“பெயிண்டரே, இந்தத் தடவை மூணு பேர் சேர்றாங்க. ரெண்டு பேரை எழுதிடுங்க. மூணாவது இடத்தை விட்டு வைங்க, கூட்டத்துல சொல்றேன். அப்புறம், உங்க வீட்ல பழைய பொருள் நல்லதா ஒண்ணு இருந்தா கொண்டாந்திருங்க.”

பெயிண்டர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை. கேட்டால் கனவு கலைந்துவிடுமே.

வீட்டில் பழையது என்றால் மனைவியின் தையல் மெஷின்தான். அவள் அம்மா மிதித்தது. அச்சடித்த பலகைகள் வந்து பெயிண்டரின் பிழைப்பில் மண் விழுந்த பிறகு, வீட்டில் அடுப்பெரிந்தது அதனால்தான்.

“அதையும் குடுத்துட்டு நான் எதுலங்க தைக்கிறது?”

“அறங்காவலர் பொண்டாட்டி எதுக்குத் தைக்கணும்? போர்டுல பேரு வந்துட்டா நாலு பேர் மதிப்பான், வேலை தேடி வரும்.”

அவள், “உங்க பேரு நிச்சயமா வருமில்ல?” என்றாள். பாதி தைத்த பள்ளிச் சீருடைகளை எடுத்து மடித்து வைத்தாள். மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்தும் கொடுத்தாள். பாவி, அவரை நம்பினாள்.

கூட்டம் தொடங்குமுன்பே பெயிண்டர் மெஷினில் எண் போட்டு முடித்திருந்தார். அவ்வளவு அவசரம். தலைவர் எழுந்தார்.

“மூணாவது அறங்காவலர் நம்ம லாரி முதலாளி. பாவம், அவர் வீடே புதுசு. தேடினா துடைப்பம்கூடப் பழசு கிடைக்கல.” எல்லோரும் சிரித்தார்கள். “அதனால இந்த மெஷின் அவர் குடுத்ததா இருக்கட்டும். பெயிண்டர் நம்ம ஆளு, ஒண்ணும் நினைக்க மாட்டார். என்ன பெயிண்டரே?”

பெயிண்டர் முகத்தில் ஈயாடவில்லை. லாரி முதலாளிக்கே கூச்சமாகிவிட்டது. “வேணாங்க, அவர் பொருளை அவரே எடுத்துட்டுப் போகட்டும்” என்றார்.

“எப்படிப் போகும்? நம்பர் போட்டாச்சே. பெயிண்டரே விடமாட்டார்!” என்றார் தலைவர். கூடம் மறுபடியும் சிரித்தது.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “சரிங்கய்யா” என்றார். ஏணியில் ஏறி மூன்றாவது பெயரையும் எழுதினார். கை நடுங்கியது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடுங்கவில்லை; எழுத்து அச்சு மாதிரி வந்தது.

வீட்டுக்குப் போய், “எழுதியாச்சு” என்று மட்டும் சொன்னார். அவள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

புது அறங்காவலர்களுக்கு வரவேற்பு நடந்த அன்று, யாரும் அழைக்காமலே, இருப்பதில் நல்லதாக உடுத்திக்கொண்டு வந்து சேர்ந்தாள். நுழைந்ததும் மெஷின் கண்ணில் பட்டது. அதன் இழுப்பறையில் அவளுடைய அளவு டேப்பை மறந்து விட்டிருந்தாள்; எடுக்கலாமென்று போய்த் திறந்தாள். அப்போதுதான் பக்கத்து அட்டையில் லாரி முதலாளி குடும்பத்தின் அன்பளிப்பு என்று தன் கணவன் கையெழுத்தில் இருந்ததைப் படித்தாள். நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு பெயராகப் படித்தாள்.

“என்னங்க…” என்று கணவன் பக்கம் திரும்பினாள்.

“யாரு பெயிண்டரே இந்தம்மா? டிராயரைத் திறக்குது?” என்றார் தலைவர். விருந்தாளிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பெயிண்டர் அவளிடம் வந்தார். அவள் கையிலிருந்த டேப்பை வாங்கி உள்ளே போட்டு இழுப்பறையை மூடினார்.

“நம்பர் போட்டாச்சும்மா,” என்றார். “போயிட்டு வாங்க.”

வழக்கம்போல வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.