செத்த மீன்களைக் கொண்டுபோனவர்

2024 மார்ச் 11 அன்று, கொட்டச்சேடு ஓடையில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி மீன் பிடித்தவர்களை விட்டுவிட்டு, அதைத் தெரிவிக்கச் சென்ற பாக்கியநாதன் மீதே வழக்குப் பதிந்தார்கள். இதுவே அதிகாரிகள் மீதான குற்றச்சாட்டு.

எஸ்டேட்டில் முப்பது வருடம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர் அவர். சான்றில்லாமல் எதையும் சொல்லிப் பழக்கமில்லை. ஆகவே செத்து மிதந்த குஞ்சு மீன்களைத் தூக்குவாளியிலும் ஓடைத் தண்ணீரை ஒரு பாட்டிலிலும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

மீன்வளத்துறை அலுவலக எழுத்தர் வாளியைத் திறந்து பார்த்துச் சிரித்தார். "ஏனுங்க, மீனு உங்க கையிலதானுங்களே இருக்குது? கொழம்புக்குக்கூடப் பத்தாதுங்களே!"

"வெசத்துல செத்த குஞ்சுங்க. தண்ணியச் சோதிச்சுப் பாருங்க."

தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, மீனை மட்டும், அவரே பவுடர் போட்டுப் பிடித்ததாக, அவர் பெயரில் பதிந்தார்கள். அதைப் பார்த்த ஊரார் இப்போது வாய் திறப்பதில்லை. ஓடையில் பவுடர் கொட்டுவதும் நிற்கவில்லை.

அதே அலுவலகத்துக்கு எழுதிய ஏழாவது மனுவைப் பாக்கியநாதன் இப்படி முடித்தார்: "தண்ணீர் ஏன் சோதிக்கப்படவில்லை? எழுத்து மூலமாகப் பதில் தேவை."