அமாவாசைக்கு மட்டும் அடங்குன இருமல்

துப்புன சளி செம்பழுப்பா இருந்துச்சுங்க. எனக்கு வெத்தலை போடற பழக்கம் கெடையாது. அதனால அது ரத்தந்தான்னு அங்கியே முடிவு பண்ணிட்டேன்.

நான் ஆசாரி. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்துல ஒரு ஊரு. வூட்டுக்குப் பின்னால கூரை எறக்குனதுதான் பட்டறை. கதவு, நிலை, கலப்பை, தொட்டில் எல்லாம் செய்வேன். பாடை மட்டும் செஞ்சதில்ல. இருமல் வந்தப்புறம், அதையும் எனக்காக எவனாச்சும் செய்ய வேண்டி வருமோன்னு பயம் வந்துடுச்சு.

இதப் படிக்கிற உங்கள்ல யாருக்காச்சும் நெஞ்சுல அம்மிய வெச்சாப்பல மூச்சு அடைக்குதுன்னா, நான் சுத்துன சுத்து நீங்க சுத்த வேணாம். அதுக்குத்தான் எழுதறேன்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு ஊரெல்லாம் பேசிக்கிட்டிருந்த சமயம். ஒரு பெரிய பண்ணைக்காரர் புது வூட்டுத் தலவாசல் நிலை என் கைக்கு வந்துச்சு. வத்தல்மலைப் பக்கத்து வேங்கை மரம். அந்த வேலை தனக்கு வரும்னு எதிர்பாத்துக்கிட்டிருந்தவன் என் மச்சான் கோவிந்தன். தங்கச்சி வூட்டுக்காரன், அவனும் ஆசாரி, பக்கத்து வூடு.

நிலைய நட்டுப் பூசை போடற வரைக்கும் அடுத்தவன் கண்ணு படக்கூடாதுன்னு எங்காளுங்க அதுக்குத் துணி போத்தி வெப்பாங்க. நான் ஒரு படி மேல போயி பட்டறையவே போத்திட்டேன். மச்சான் வூட்டப் பாத்திருந்த சன்னலுக்குப் பலகை அடிச்சேன். மிச்ச எடமெல்லாம் சாக்கு கட்டுனேன்.

உள்ள உக்காந்து அறுத்தேன், இழைச்சேன், உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். சாக்கு ஓட்டை வழியா வெயில் கீத்து ஒண்ணு விழும். அதுல மரத்தூளு பொன்னாட்டம் மெதக்கும். அழகா இருக்குதேன்னு வாயப் பொளந்துக்கிட்டுப் பாப்பேன். உளியால தொளை போட்டா, உள்ள கெடக்கற தூள வாயாலதான் ஊதுவோம். அது தொளைக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு நம்ம மூஞ்சிக்கே வரும். எங்கப்பன் ஊதுனாரு, நானும் ஊதுனேன்.

கொஞ்ச நாள்ல இருமல் புடிச்சுக்கிச்சு. அப்பறம் ஈளை (மூச்சு விடறப்ப நெஞ்சுல விசில் சத்தம் வர்றது). அதுக்கப்பறந்தான் அந்தச் செம்பழுப்புச் சளி.

இதுல ஒரு மர்மம் இருந்துச்சு. அமாவாசையும் அதுக்கு மறுநாள் பாட்டிமையும் (பிரதமை) இருமல் அடங்கிடும். பாட்டிமை சாயங்காலம் பாட்டுகூட வரும். அடுத்த நாள் மத்தியானத்துக்கெல்லாம் பழையபடி இழுக்க ஆரம்பிச்சுடும்.

நிலை வேலை போன பொறாமையில மச்சான்தான் செய்வினை வெச்சுட்டான்னு எனக்குச் சந்தேகம். ஆனா செய்வினை வெக்கறவனுக்கு அமாவாசைதானே வேலை நாளு? அன்னைக்குப் போயி எனக்குச் சொகமா இருக்குதே? அரூர்ப் பக்கத்துக் கோடாங்கி ஒருத்தருகிட்டக் கேட்டேன். உடுக்கைய அடிச்சுட்டுச் சொன்னாரு: "அன்னைக்கு உன்னப் புடிச்சிருக்கற அது சுடுகாட்டுக்குப் போயிடுதுப்பா. உன்ன விட்டுட்டுப் போறதால உனக்கு லேசா இருக்குது."

எனக்கு அது நாயமாத்தான் பட்டுச்சு. தாயத்து கட்டிக்கிட்டு வந்து, சாக்குக்கு மேல இன்னொரு சாக்கு கட்டுனேன். மச்சான் நல்லாச் சாப்புட்டுக்கிட்டு, ஒரு செருமல்கூட இல்லாம இருந்தான். செஞ்சவன் அவன்தாங்கறதுக்கு வேற சாட்சி எதுக்கு?

என் வூட்டுக்காரி சின்னப்பொண்ணுகிட்டச் சொன்னேன். அவ முறத்தக் கீழ வெக்காமயே சொன்னா: "அந்த மனுசனுக்கு நிலைக்கு நேரா ஒரு ஆப்பு வெக்கத் தெரியாதுன்னு நீங்கதான் சொல்லுவீங்க. சூனியம் மட்டும் நேரா வெச்சுட்டாராக்கும்?"

அப்படிச் சொன்னவளே மறுநாள் என் டம்ளரத் தனியா எடுத்து வெச்சா. அதுதான் என்னை ஆட்டிடுச்சுங்க. சயரோகம்னு (உடம்ப உருக்கற காசநோய்) ஒரு பேரு வந்துட்டா தட்டு தனி, பாய் தனி. நான் தொட்டுச் செஞ்ச கதவ எவனும் வூட்டுல மாட்ட மாட்டான். உசுரு போறதுக்கு முன்னாலயே தொழிலு போயிடும்.

பெட்ரோல் பஞ்சத்துல அடுப்புக்கரியப் போட்டு ஓட்டுன கரி பஸ் ஏறித் தருமபுரிக்குப் போனேன். மேட்டுல அந்த பஸ்ஸும் என்னாட்டமே இழுத்துச்சு. ஆஸ்பத்திரியில டாக்டரு நெஞ்சுல குழாய வெச்சுக் கேட்டாரு. சளியக் கண்ணாடிச் சில்லுல தடவி எடுத்துக்கிட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னாரு.

போனேன். "காசநோய்க் கிருமி, அதாவது கண்ணுக்குத் தெரியாத பூச்சி, உனக்கு இல்லப்பா. இது ரத்தமும் இல்ல"ன்னாரு.

கண்ணுக்குத் தெரியாதுன்னும் அவரே சொல்றாரு, இல்லேன்னும் அவரே சொல்றாரு. எப்படிங்க நம்பறது? வேற எவன் சளியவோ பாத்துட்டாருன்னு நெனச்சுக்கிட்டேன். அவரு என் கழுத்துத் தாயத்தப் பாத்தாரு.

"யாரு மேல சந்தேகம்?"

"மச்சான் மேலங்க."

"எப்பவாச்சும் இருமல் கொறையுமா?"

சொல்லக் கூச்சமா இருந்துச்சு. "அமாவாசைக்குங்க. பாட்டிமைக்கும்."

அவரு சிரிக்கல. "அன்னைக்கு என்ன பண்ணுவ?"

"தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுப் படையல் போடுவேன். வடை பாயசங்க."

"வேலை?"

"அமாவாசையில உளி தொட மாட்டமுங்க. பாட்டிமையும் ஆகாதுங்க."

"உன் மச்சானும் ஆசாரியா? அவரு எங்க உக்காந்து வேலை செய்வாரு?"

"வாசல்ல, வேப்பமரத்தடியிலங்க."

"நீ?"

நான் வாயத் தொறந்தேன். சாக்கு, பலகை, சன்னல் எல்லாம் வரிசையா கண்ணு முன்னால வந்துச்சு. அத்தனையும் என் கையால அடிச்ச ஆணி.

தூளு போயிப் போயி மூச்சுக்குழாய் அழற்சி (மூச்சு போற குழா வீங்கிப் புண்ணாகறது) வந்திருக்குதுன்னாரு. அந்தச் செம்பழுப்பு வேங்கை மரத்தூளோட சாயமாம். குடிக்க மருந்துத் தண்ணி குடுத்தாரு. நெஞ்சு தெளியற வரைக்கும் மரத்தத் தொடாத, தொட்டா மூக்கு வாய ஈரத் துணியால கட்டிக்க, தரையில தண்ணி தெளிச்சுட்டுக் கூட்டு, பட்டறையத் தொறந்து போடுன்னாரு.

வூட்டுக்கு வந்து சாக்கெல்லாம் அவுத்தேன். சன்னல மட்டும் விட்டுட்டேன். டாக்டரு சொன்னது டாக்டருக்கு, எதுக்கும் மச்சான் மேல ஒரு கண்ணு இருக்கட்டும்னு. ஓய்வு முடிஞ்சு ஈரத் துணியோட வேலைக்கு உக்காந்தேன். பாதி கொறைஞ்சுச்சு. மீதி பாதி கொறையல. காத்து அடிக்கறதே அந்தச் சன்னல் பக்கம்.

ஒரு காலையில ஆணியப் புடுங்குனேன். பலகை விழுந்த சத்தத்துக்கு மச்சான் வேப்பமரத்தடியில இருந்து நிமுந்து பாத்தான், எந்திரிச்சு சன்னலுக்கு வந்தான்.

"என்ன மச்சான், தொறந்துட்ட?"

"மூச்சுக்கு."

"நல்லது. இத்தன மாசமா உள்ள பொணம் கிணம் கெடக்குதோன்னு பாத்தோம்." அப்படியே நிலையப் பாத்தான். "எடப்பக்கக் காலு கொஞ்சம் சாஞ்சாப்பல இருக்குது."

பொறாமை. வேறென்ன? சன்னல்ல இருந்து அவன் தலை போனதும் தூக்குநூல் புடிச்சுப் பாத்தேன். சாஞ்சுதான் இருந்துச்சு.

அந்த நிலை இப்ப பண்ணைக்காரர் வூட்டுல நேரா நிக்குது. சின்னப்பொண்ணு என் டம்ளர மத்த டம்ளரோட கவுத்து வெக்கறா. தொளைய வாயால ஊதறதில்ல, கோழி எறகால கூட்டறேன். ஒடம்பக் கழுவாம வூட்டுக்குள்ள போறதில்ல. நெஞ்சு பழையபடி ஆகலீங்க. மலையேறுனா பாதியில கல்லப் பாத்து உக்கார வேண்டியிருக்குது.

முன்ன எல்லாம் பொழுத வெச்சு வேலை செய்வேன். இப்பக் காத்த வெச்சு. வேப்பெல அசையற வரைக்கும் இழைக்கறேன், நின்னா நானும் நின்னுடறேன். அந்த நேரத்துல சும்மா உக்காந்து மூச்ச இழுத்துப் பாப்பேன். தெரியாத ஆளு வூட்டுக்குள்ள நொழையறப்ப யாரு, கையில என்னன்னு கேக்கறமில்ல, அப்படி ஒவ்வொரு மூச்சையும் வாசல்லயே நிறுத்திப் பாக்கறேன். வெறுங்கையோடதான் வருது. ஆனாலும் பாக்கறேன்.