கருவாட்டுக்கு மல்லிகை வாசனை

ஞாயிறு காலை ஆறரைக்கு மதுரையில் பேருந்து ஏறினேன். இராமநாதபுரம் நூற்றுப் பத்து கிலோமீட்டர் சொச்சம். ஊர் நடுவில் உள்ள பூங்காவில் ‘கடலோரச் சந்தை’ நடப்பதாக விளம்பரம் பார்த்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு அப்படியே இராமேஸ்வரம் போவதாகத் திட்டம்.

ஒன்பதரைக்குப் பூங்காவுக்குள் நுழைந்தேன். நுழைவுக் கட்டணம் பத்து ரூபாய். வாசலில் தெர்மாகோலில் செய்த பெரிய சுறா. உள்ளே வேப்பமரங்களின் அடியில் கடைகள்: கருப்பட்டி, சங்கு மாலை, பெரியபட்டினத்துப் பெண்கள் கிண்டிய தொதல் என்ற தேங்காய்ப்பால் அல்வா, பஞ்சு மிட்டாய். மேடையில் சிலம்பம். நன்றாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

கடைசிக் கடை பாம்பன் செபஸ்தியம்மாளுடையது. நெத்திலிக் கருவாடு கால் கிலோ நூறு ரூபாய்.

“கடல் சந்தைன்னு பேரு வச்சுட்டு கருவாடு இல்லாம எப்படி? அதான் கூப்பிட்டாக. இன்னைக்கு நல்லாப் போச்சுன்னா வாராவாரம் இங்கனயே எனக்கு இடம்,” என்றார். வெயிலில் தரையில் உட்கார்ந்து விற்பவருக்கு மரநிழலும் மேசையும் சின்ன விஷயமில்லை.

பத்தரைக்குச் சிறப்பு விருந்தினர் வரப்போவதாகப் பரபரப்பு. விழாக் குழுக்காரர் ஒருவர் கழுத்தில் அட்டை தொங்க, மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். கையில் மல்லிகை மணம் வீசும் ரூம் ஸ்பிரே. மேசையைச் சுற்றி அடிப்பார் என்று நினைத்தேன். மனிதர் கருவாட்டின் மேலேயே அடித்தார்! நெத்திலி, சாளை, பாறை என்று ஒரு குவியல் விடாமல், வயலுக்கு மருந்தடிப்பதுபோல் அடித்தார்.

“ஏய்யா, இது திங்கிற சாமான்யா!” என்று செபஸ்தியம்மாள் கத்தினார்.

“வாடை போகட்டும்னுதான்க்கா. கொஞ்ச நேரம் சும்மா இருங்க. வர்றவுக முகஞ்சுளிச்சா அடுத்த வாரம் சந்தையே கிடையாது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கருவாடு வாடை அடிக்கும் என்று தெரியாமலா அழைத்தார்கள்? கேட்டேன். “கழுவுனா சரியாப் போயிரும் சார். நீங்க வெளியூரு, விடுங்க,” என்றார்.

விருந்தினர் வந்தார். “நெத்திலியா! எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு உசிரு. அரைக் கிலோ போடுங்கம்மா,” என்றார் சிரித்தபடி. குழுக்காரர் ‘கொடு, கொடு’ என்று கண்ணைக் காட்டினார். பொட்டலம் மடித்துக் கொடுத்திருந்தால் வாராவாரம் இடம் நிச்சயம். செபஸ்தியம்மாள் தராசைத் தொடவே இல்லை.

“வேணாம்யா. இதுல செண்டு மருந்து அடிச்சுட்டாக. பிள்ளைக வயித்துக்கு ஆகாது. நான் குடுக்க மாட்டேன்.”

விருந்தினர் குழுக்காரரைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அடுத்த கடைக்கு நகர்ந்துவிட்டார். யார் அடித்தது, ஏன் அடித்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் தலை மறைந்ததும், “அடுத்த வாரம் நீங்க வர வேணாம்,” என்று குழுக்காரர் சொல்லிவிட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான் நாலு கேள்வி கேட்டேன். கொஞ்சமும் உறைக்கவில்லை. மேடையில் மீனவப் பெண்களின் உழைப்பைப் பற்றி ஒருவர் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

மதியம் செபஸ்தியம்மாளோடு நானும் இராமேஸ்வரம் பேருந்தில் ஏறினேன். “இந்தக் கருவாடு இனி எதுக்கு ஆகும்? தென்னைக்கு உரமாத்தான் போடணும்,” என்றார். கருவாட்டுக் கூடைக்காரர்களுக்குக் கடைசி இருக்கைதான் என்பது இந்தத் தடத்தில் எழுதாத சட்டம். அன்று கூடை கமகமத்தது. நடத்துநர் முகம் மலர்ந்து, “பூக்கூடையா ஆத்தா? முன்னாடி சீட்டுல உக்காருங்க,” என்றார்.

“பூ இல்லய்யா, கருவாடு!” என்று பேருந்து முழுக்கக் கேட்கும்படி சொன்ன செபஸ்தியம்மாள், கடைசி இருக்கைக்கு நடந்துபோய் உட்கார்ந்தார்.