மகள் வாசித்த கேன் தண்ணீர்க் கவிதை

ஐந்தாவதோடு படிப்பை விட்டு, ஆம்பூர் தோல் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவன் நான். இன்று அதே ஊரில் எனக்குச் சொந்தமாகத் தோல் தொழிற்சாலை இருக்கிறது. யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை. கல்லூரியில் படிக்கும் என் மகள், வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு கூட்டத்தில் கவிதை வாசிக்கப் போவதாகச் சொன்னாள். "அதெல்லாம் பேஜாரு புடிச்ச வேல, போவாத" என்றேன். போய்விட்டாள். இழுத்து வரத்தான் காரை எடுத்தேன்.

நான் நுழைந்தபோது அவள் மைக் முன்னால் நின்றிருந்தாள். அப்பா தோல் விற்றுக் கட்டிய வீட்டில் அறைக்கு அறை குழாய் இருக்கிறது, குடிக்கிற தண்ணீர் மட்டும் கேனில் வருகிறது, கிணற்றைக் கெடுத்தது அப்பாவின் தொழில் என்று வாசித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"அந்தக் கேனுக்குத் துட்டு இன்னா, உன் கவிதையா குடுக்குது?" என்று நடுக்கூடத்தில் நின்று கத்தினேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அதையும் எழுதியிருக்கேம்ப்பா. உக்காருங்க, படிக்கிறேன்."

கூட்டம் சிரித்தது. என் ஷெட்டில் என்னை உட்காரச் சொல்ல ஒருத்தன் பிறக்கவில்லை. யாரோ மரியாதையாக நாற்காலியை நகர்த்தினார், தள்ளிவிட்டேன். அவள் மீதியையும் குரல் தாழாமல் வாசித்தாள். முடியும்வரை நான் நின்றுகொண்டேதான் கேட்டேன். என் காசில் படித்தவள் சொல்லி நான் உட்காருவதா?

வெளியே வந்ததும் காரில் ஏறு என்று நான் கூப்பிடவில்லை. அவளும் கேட்கவில்லை, பஸ்ஸில் வந்தாள்.